இரண்டு மணி போன்

எங்கள் தெருவில் ஒரு பெண் நல்லவளா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், ராத்திரி இரண்டு மணிக்கு அவள் போனை எடுக்கிறாளா என்று பார்த்தால் போதும். பரங்கிப்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆம்பிளைகள் சவுதியிலோ துபாயிலோ இருக்கிறார்கள். அங்கே அவர்கள் வேலை முடிந்து அறைக்கு வந்து, குளித்து, சோறு வடிக்கும் நேரம் இங்கே நடுஜாமம். அப்போது வீடியோ கால் வரும். பேசி முடித்தாலும் யாரும் வைக்க மாட்டார்கள். போனைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டு அவர் அங்கே தூங்குவார், இவள் இங்கே தூங்குவாள். இதற்கு எங்கள் ஊரில் 'லைன்ல இருக்கிறது' என்று பெயர். முதலில் வைத்துவிடுகிறவளைப் பற்றி மறுநாள் குழாயடியில் பேச்சு கிளம்பிவிடும்.

என் மச்சான் சவுதியில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தார். மச்சான் என்றால் என் வீட்டுக்காரர். எங்களில் அப்படித்தான் கூப்பிடுவோம். கல்யாணமான நாளிலிருந்து ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார், போவார். மற்ற நாளெல்லாம் அந்த இரண்டு மணி போன்தான் எங்கள் குடும்பம். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். சோத்துக்கு என்ன ஆணம் வச்சே, மீன் என்ன விலை, உம்மா கால்வலி எப்படி. அதற்குப் பிறகு அவருடைய குறட்டை. எனக்கோ ஒருதரம் விழித்தால் மறுபடி கண் சொருகாது. விடியக்காலை சுபுஹு பாங்கு சொல்லும்வரை அவர் தலைக்கு மேலே சுற்றும் ஃபேனின் சத்தத்தைப் போனில் கேட்டபடி படுத்திருப்பேன். பிறகு எழுந்து சமைத்துவிட்டு, பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் போகும் பஸ்ஸைப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தப் போக வேண்டும்.

எனக்குப் பிறவியிலேயே மூக்குக்கு மேல் கோபம். தூக்கமும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் முழங்கை பட்டால் சண்டை. ஆணத்தில் உப்பு கூடிவிட்டது என்று மாமி, அதாவது மச்சானின் உம்மா, சொன்னதற்கு, சட்டியைக் கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்துவிட்டு ஒரு பாட்டம் அழுதேன். மாமி பயந்துபோய் எனக்கு ஓதிப் பார்க்க ஆள் தேட ஆரம்பித்துவிட்டார். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இடுப்பு பெருத்தது. மத்தியானம் மூன்று மணிக்குக் கரும்பலகை முன்னால் நிற்கும்போதே கண்ணைக் கட்டும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மாதவிலக்கு தப்பத் தொடங்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு மாதம் வரும், ரெண்டு மாதம் வராது. வராத மாதமெல்லாம் பைத்தியம்போல ஒரு நப்பாசை வேறு. புருசன் கடல் தாண்டி இருக்கும்போது என்ன நப்பாசை என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு முப்பத்தாறு வயது முடிந்திருந்தது. அடுத்த லீவு ரம்ஜானுக்கு. அதையும் விட்டால் அதற்கடுத்த லீவுக்குள் எனக்கு நாற்பது நெருங்கிவிடும். இதுதான் என் கணக்கு. நாலாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும்.

போனில் தேடித் தேடிப் படித்ததில் என் வியாதிக்குப் பெயர் 'அட்ரீனல் களைப்பு' என்று நானே முடிவு செய்து, ஏதோ ஒரு வேர்ப் பொடியை வரவழைத்துப் பாலில் கலக்கிக் குடித்தேன். மண்ணைக் கரைத்துக் குடித்தது மாதிரி இருந்தது. டப்பா தீர்ந்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை மாமியையும் கூட்டிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். மஞ்சக்குப்பத்தில் ஹார்மோன் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.

டாக்டரம்மா பொடி டப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அட்ரீனல் களைப்புன்னு ஒரு நோயை நாங்க யாரும் எழுதறதில்லம்மா. இத நிறுத்துங்க. மொதல்ல எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்" என்றார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பை எதிலும் குறை சொல்ல முடியவில்லை. அடுத்த தடவை மாமியோடு போனபோது அவர் கேட்ட கேள்வி: "ராத்திரி எத்தினி மணிக்குப் படுப்பீங்க, எப்ப எழுந்திரிப்பீங்க?"

நான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எத்தினி வருசமா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

"கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. அதுதான் அட்ரீனல். அதுல சுரக்கிற கார்டிசால்தான் உங்கள விடியக்காலைல எழுப்பி விடுது. காலைல ஏறி, பொழுது சாய்ஞ்சா எறங்கணும். நீங்க தெனம் ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்தா, ஏறுறதா எறங்குறதான்னு அதுக்கே தெரியாது. அது தடுமாறினா மத்த ஹார்மோனையும் இழுத்துக்கிட்டுத் தடுமாறும். தூங்கினா புள்ள பொறக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா தூங்காத உடம்புல எதைப் பாத்து நான் மருந்து எழுதறது? பத்து மணிக்குப் படுங்க. விடியிற வரைக்கும் போன் வேற ரூம்ல இருக்கட்டும். மூணு மாசம் கழிச்சு வாங்க."

மாமி சட்டென்று நிமிர்ந்தார். "அதெப்படிம்மா? புருசன் போன் பண்ற நேரத்துல தூங்குறவ எங்கயாச்சும் உண்டா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்க காலத்துல மாமா மலேசியாவுல இருந்தாங்களே, அப்ப ஏது மாமி போனு? நீங்க என்னா பண்ணீங்க?"

"மாசத்துக்கு ஒரு கடுதாசி வரும்."

"ராத்திரி தூங்குனீங்களா?"

"தூங்காம? இஷா தொழுதுட்டுப் படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன்" என்றார் மாமி. "ஆறு புள்ள பெத்தேன்."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தான் என்ன சொன்னோம் என்று கொஞ்சம் கழித்துத்தான் மாமிக்கு உறைத்தது. பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை என்னிடம் பேசவில்லை.

அன்று ராத்திரி மச்சானிடம் சொன்னேன். சண்டையாகிவிட்டது.

"அந்த டாக்டருக்கு நம்ம கதை என்னா தெரியும்? நாள் பூரா அடுப்புல வெந்துட்டு வர்றேன். எனக்குன்னு இருக்குறது இந்த ஒரு மணி நேரம்தான். அதையும் புடுங்குறியா?"

"எனக்குன்னு இருக்குறது இந்த ஒரு உடம்புதான் மச்சான். அது போயிட்டா நீங்க ரம்ஜானுக்கு வந்து யாரைப் பாப்பீங்க?"

பிறகு அவரேதான் வழி சொன்னார். ஓட்டலில் அவருக்கு மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்தால் சாயங்காலம்வரை இடைவேளை உண்டு. அது இங்கே மாலை ஆறு மணி. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து டீ போடும் நேரம். "அப்ப பேசறேன்" என்றார். கோபம் போகாமல்தான் சொன்னார்.

முதல் சில வாரம் கொடுமை. போனைக் கூடத்து அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை மாமியிடம் கொடுத்தேன். அப்படியும் இரண்டு மணிக்குக் கண் தானாக விழித்துக்கொண்டது. குழாயடியில் ஒருத்தி, "என்னா, ரெண்டு பேருக்கும் மனஸ்தாபமாமே?" என்று என்னிடமே கேட்டாள். "ஆமா, தலாக் வாங்கப் போறேன், சாட்சிக்கு வர்றியா?" என்றேன். அதற்குப் பிறகு ஊர் வாய் கொஞ்சம் அடங்கியது. மாலையில் ரெண்டாவது டீயை விட்டேன். இஷா தொழுததும் விளக்கை அணைத்துவிடுவேன். தூக்கம் வராவிட்டால் டாக்டரம்மா சொன்னபடி மூச்சை மெள்ள இழுத்து விட்டுக்கொண்டு படுத்திருப்பேன். ஒரு நாள் காலையில் கண் விழித்தால் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. மாமி என் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எனக்கு உலகமே புதிதாக இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் நானாகப் பேச்சுக் கொடுத்தேன். பின்னக் கணக்கில் தப்புச் செய்த பையனை அடிக்கக் கை ஓங்காமல், எங்கே தடுக்கியது என்று கேட்டேன். அவன் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தான். இத்தனை வருசமாக எனக்குக் கோபம் என்று நான் நினைத்ததில் பாதி வெறும் தூக்கமின்மை.

மாதவிலக்கும் வரிசைக்கு வந்தது. ஒரு மாதம் வந்தது, அடுத்ததும் வந்தது, அதற்கடுத்ததும். சின்ன வயதில் சனியன் என்று திட்டியதைப் பெருநாள் வந்ததுபோல வரவேற்றேன். கடலூருக்குப் போய்ச் சொன்னபோது டாக்டரம்மாவுக்கும் சந்தோஷம். "அவர் எப்ப வர்றார்?" என்றார். "ரம்ஜானுக்கு" என்றேன். வாய் கொள்ளாமல் சிரித்தேன்.

இதற்கு நடுவில்தான் மச்சான் முகத்தைக் கவனித்தேன். அதுவரை என் உடம்பிலேயே குறியாக இருந்துவிட்டேன். ஒரு மாலை, பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அவர் கையிலிருந்து நழுவியது. திரையில் மேல்கட்டிலின் அடிப்பலகையும் யாரோ தொங்கவிட்ட கைலியும்தான் தெரிந்தன. "மச்சான்?" என்றேன். குறட்டை வந்தது. அந்த இடைவேளைதான் அவர் இத்தனை வருசமும் தூங்கிய ஒரே நல்ல தூக்கம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ராத்திரி அறைக்கு வந்து படுத்தால், விடியுமுன் பரோட்டாவுக்கு மாவு பிசைய எழுந்துவிட வேண்டும். அந்த மத்தியானத் தூக்கத்தை எடுத்துத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு பாயில் ரெண்டு பேரும் படுக்க வழியில்லாமல், ஒரே தூக்கத்தை மாற்றி மாற்றிப் பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

ரம்ஜானுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மாலை ஆறு மணிக்கு வந்த போனில் அவர் தலையைத் தூக்கவே இல்லை.

"லீவு இல்லையாம். இன்னொரு பரோட்டா மாஸ்டர் ஓடிட்டான். ஆள் கெடைக்கிற வரைக்கும் கேக்கவே கூடாதுன்னுட்டாரு மொதலாளி. அடுத்த வருசம் பாக்கலாம்னாரு."

பழைய நானாக இருந்திருந்தால் போனைச் சுவரில் அடித்திருப்பேன். நெஞ்சு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தலை தெளிவாக இருந்தது. பத்து வருசம் ராத்திரி ராத்திரியாகப் பேசியும் நான் ஒரு தடவைகூடச் சொல்லாத ஒன்று வாயில் வந்து நின்றது.

"மச்சான், வந்துடுங்க."

"லீவு இல்லன்னு சொல்றேன்ல."

"லீவுல வரச் சொல்லல. எக்ஸிட் அடிச்சிட்டு வந்துடுங்க."

வேலையை மொத்தமாக முடித்துக்கொண்டு வருவதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். இன்னார் எக்ஸிட் அடித்துவிட்டாராம் என்றால், துக்கம் விசாரிப்பது மாதிரி அந்த வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள்.

"வெளயாடறியா? வந்து என்னா பண்றது?"

"தெரியாது. என் சம்பளம் இருக்கு. சிதம்பரத்துல ஓட்டலா இல்ல? மொதல்ல வந்து ஒரு மாசம் தூங்குங்க. அப்புறம் யோசிப்போம்."

"புள்ளைக்காகத்தானே கேக்குற? வந்தும் பொறக்கலன்னா?"

"பொறக்கலன்னா நாம ரெண்டு பேரு இருப்போம். இப்ப அதுகூட இல்லியே மச்சான்."

"உம்மாகிட்ட குடு" என்றார். மாமி தடுப்பார் என்று நம்பித்தான் கேட்டார். எனக்கும் அந்தப் பயம்தான். வெளிநாட்டு மகன் என்பது மாமிக்குப் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் கழுத்துச் சங்கிலி மாதிரி. மாமி போனை வாங்கி மூக்குக்கு நேராகப் பிடித்து மகனைப் பார்த்தார். எங்கள் பேச்சு முழுவதும் அவர் காதில் விழுந்திருந்தது.

"கண்ணு ஏன் வாப்பா இப்புடி குழி வுழுந்து கெடக்கு?"

"ஒண்ணுமில்ல உம்மா. தூக்கம் இல்ல, அவ்வளவுதான்."

மாமி போனை இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "அவ சொல்றது சரி. வந்துடு" என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். "அழுவுறான். நீ பேசு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் ஷிஃப்ட் தொடங்க இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தது.

"போய்த் தூங்குங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு, போனை நானே வைத்தேன்.