இடப்பக்கச் சிறகு

இடப்பக்கச் சிறகின் பின்மூலை கதவை விட்டு ஒரு விரற்கடை எழும்பி நின்றது. விரலால் அழுத்தினேன், படிந்தது. விட்டேன், மறுபடி எழும்பிக்கொண்டது. அப்போது அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

கதவு என்றால் வாசற்கதவு இல்லை. சார் புதிதாக ஒன்று வாங்கி, இரண்டு முக்காலிகள் மேல் படுக்கப் போட்டிருந்தார். விமானம் கட்டுகிறவர்களுக்கு மேசையைவிடக் கதவின் மேல்தான் நம்பிக்கையாம். அவ்வளவு சமமான பலகை வேறு கிடைக்காது என்பார். அதன்மேல் வைத்த சிறகு நான்கு மூலையும் படிந்து கிடக்க வேண்டும். வலப்பக்கச் சிறகு அப்படித்தான் கிடந்தது.

அந்த வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. டில்லியில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் குடியிருந்தவரை நடந்தே வந்துவிடுவேன். கேம்ப்பை இடித்த பிறகு இரண்டு பஸ் மாறி வருகிறேன். பெருக்குவது, துடைப்பது எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். இஸ்திரி என்னுடையது. அம்மாவின், அதாவது சாரின் மனைவியின், பட்டுப்புடவை, சாரின் கோட்டு, பேத்தி கல்யாணத்துக்கு வந்த ஜரிகைத் துணி, எல்லாம் என் கையில்தான் கொடுப்பார்கள். என் இஸ்திரிப் பெட்டி பட்டு ஒரு துணியும் கருகியதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மற்றவர்கள் படித்த படிப்பைச் சொல்லிக்கொள்வார்கள். நான் இதைச் சொல்லிக்கொள்வேன்.

சார் மத்திய சர்க்காரில் என்ஜினீயராக இருந்து ரிட்டையர் ஆனவர். திருநெல்வேலிக்காரர். இந்த விமானத்தை மூன்று வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தார். விளையாட்டுச் சாமான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பழைய காலத்து நிஜ விமானம் ஒன்றின் அளவில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு சிறகையும் மாட்டினால் பன்னிரண்டு அடி நீளம். பெட்ரோலில் ஓடும். ஆள் ஏற முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். தரையில் நின்றபடி ஒருவர் ரிமோட்டில் ஓட்டுவார்.

உடம்பைக் கட்டுவதற்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. சிறகுக்குத்தான் இரண்டு வருடம். சுவர் நீளத்துக்குக் காகிதம் ஒட்டி வரைவார், அழிப்பார், வரைவார். தக்கை மாதிரி லேசான மரத்தில் விலா எலும்புகளை அறுத்து, பக்கம் பார்த்த மீன் போல ஒவ்வொன்றாக வரிசையில் நிறுத்துவார். ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்ப்பார். கனத்தது என்றால் நடுவில் ஓட்டை போடுவார்.

"இத்தனை எலும்பு எதுக்கு சார்? நாலு போதாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாலு வச்சா நடுவுல துணி தொய்யுமுல்லா? தொய்ஞ்சா காத்து சொன்ன பேச்சு கேக்காது."

அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார். "காத்து கேக்குறது இருக்கட்டும். நான் சொன்ன பேச்சை இவுக கேட்டாகளா? ஹால்ல கதவைப் போட்டுட்டாக. வர்றவங்க எல்லாம் வாசல் எதுன்னு கேக்காங்க."

எலும்புக்கூட்டின் மேல் துணி போர்த்துகிற கட்டம் வந்தபோதுதான் சார் என்னைக் கூப்பிட்டார். அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. மரத்தை ஒட்டுவதற்கு அது பரவாயில்லை. இஸ்திரிக்கு ஆகாது. அந்தத் துணி சூடு பட்டால் சுருங்கும். ஓரங்களை இளஞ்சூட்டில் ஒட்டிவிட்டு, பிறகு சூட்டைக் கூட்டி நடுவே தடவினால் தொளதொளவென்று கிடப்பது இழுத்துக்கொண்டு விறைக்கும். 

"மேல கொஞ்சம் தேய்க்கணும். திருப்பிக் கீழ கொஞ்சம் தேய்க்கணும். மறுபடி மேல. ஒரே பக்கமா இழுத்தீங்கன்னா சிறகு முறுக்கிக்கிடும், பாத்துக்கிடுங்க" என்றார்.

"முறுக்கினா என்னா ஆவும் சார்?"

"வேகமாப் போறப்ப ஒண்ணும் தெரியாது. இறக்குறதுக்கு வேகத்தைக் குறைப்போம்லா, அப்ப அந்தப் பக்கமாக் கவுந்துரும். மூணு வருசம் மூணு செகண்டுல போயிரும்."

வலப்பக்கச் சிறகை அவர் சொன்னபடியே செய்தேன். ஆறடி நீளம். இரண்டு பேரும் சேர்ந்து திருப்பித் திருப்பிப் போட்டு முடித்தோம். தவறு நடந்தது அடுத்த நாள், வியாழக்கிழமை.

அன்று சாரும் அம்மாவும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் புழுங்கலரிசி வாங்கப் போனார்கள். "ஓரத்தை மட்டும் ஒட்டி வைங்க. வந்ததும் சேந்து திருப்பலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஓரம் சீக்கிரமே முடிந்துவிட்டது. பெட்டி சூடாக இருந்தது. மேல்துணி என் முன்னால் சுருக்கம் சுருக்கமாகக் கிடந்தது. கையில் பெட்டியை வைத்துக்கொண்டு சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்னால் ஆகாத காரியம். அதோடு, ஒரு பக்கத்தை முழுக்க முடிக்காமல் மறுபக்கம் திருப்புவது நான் துணி தேய்க்கிற வழக்கம் இல்லை. முதல் நாள் சார் சொன்னதற்காகத்தான் அப்படிச் செய்தேன். மனசுக்குள் எனக்கு அது வேலை தெரியாதவர்கள் செய்கிற மாதிரிதான் இருந்தது. 

சூட்டைக் கூட்டினேன். துணி முனகிக்கொண்டு இழுத்தது. நுனிவரை போய்விட்டுத்தான் பெட்டியை நிமிர்த்தினேன். அவர்கள் திரும்பியபோது மேல்பக்கம் தவில் தோல் போல நின்றது.

சார் முகம் மலர்ந்துபோனது. நான் எப்படிச் செய்தேன் என்று கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து திருப்பினோம், கீழ்ப்பக்கம் தேய்த்தேன், மறுபடி திருப்பி வைத்தோம். விமானம் ஓட்டப்போகிறவருக்குப் போன் செய்ய அவர் உள்ளே போனார். அப்போதுதான் நான் அந்த மூலையைப் பார்த்தேன்.

போனை முடித்துவிட்டு வந்தார். என் உள்ளங்கை தானாகப் போய் அந்த மூலையை அழுத்திக்கொண்டது. அவர் துணியைத் தட்டிப் பார்த்தார். 

"அளந்து பாக்கலியா சார்?" என்றேன். கோணம் அளக்க அவரிடம் ஒரு கருவி இருந்தது.

"வலப்பக்கத்தை அளந்தாச்சுல்லா? அதே கைதானே? உங்க கை பட்டதை நான் எதுக்கும்மா அளக்கணும்?"

வேறு என்ன சொல்லியிருந்தாலும் அப்போதே உண்மையைச் சொல்லியிருப்பேன். இந்தப் பேச்சைக் கேட்டபின் அவர் நகரும்வரை கையை எடுக்காமல் நின்றேன்.

வெள்ளிக்கிழமை அவர் இரண்டு சிறகிலும் சிவப்புப் பட்டை ஒட்டினார். சனிக்கிழமை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெட்டியைச் சூடாக்கி, மூலையை எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தேன். இரண்டு கையாலும் முறுக்கிப் பிடிக்க ஒருவர் வேண்டும், தேய்க்க ஒருவர் வேண்டும். ஒருத்தியால் ஆகவில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன்.

அம்மாவிடம் போய் நின்றேன். "நாளைக்குப் போயே ஆவணுமாம்மா? அடுத்த வாரம் போவக்கூடாதா?"

"பனி எறங்கிட்டா பிப்ரவரிதான். அதுவரை அந்தச் சிறகைத் தாண்டித் தாண்டி நான் நடக்கணுமா? நாளைக்கே பறக்கட்டும், இல்ல உடையட்டும்." சிரித்தார். "நீங்களும் வாறீங்க. கார்ல இடம் வச்சிருக்காக. சிறகு செஞ்சவங்களை எல்லாருக்கும் காட்டணுமாம்."

ஞாயிறு காலை போனோம். டில்லிக்குள் இதெல்லாம் பறக்கவிட முடியாது. ஹரியானா எல்லையைத் தாண்டி, அறுவடை முடிந்த வயலுக்கு நடுவே ஒரு திடல். சாரைப் போல ஏழெட்டுப் பேர் தங்கள் விமானங்களோடு வந்திருந்தார்கள். பக்கத்து ஊர்ச் சனங்கள் பிள்ளைகுட்டிகளோடு வேடிக்கை பார்க்க வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஓடுபாதைக்கு இடப்பக்க வரப்பு.

ஓட்டப்போகிறவர் ஒரு சர்தார்ஜி. கை நடுக்கத்தால் சார் ரிமோட்டை அவரிடம் கொடுத்திருந்தார். சிறகை மாட்டியதும் சார் என்னை முன்னால் இழுத்து நிறுத்தி, இந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி, "சிறகு இரண்டும் இவங்க கை" என்றார். சர்தார்ஜி துணியைத் தடவிவிட்டு, "வாஹ், மாதாஜி!" என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

என்ஜினைக் கிளப்பினார்கள். புல்லெல்லாம் படுத்தது. நான் விமானத்துக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். பின்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கச் சிறகின் ஓரம் ஒரு கோடு. இடப்பக்கம் நுனியில் அந்தக் கோடு மேலே வளைந்தது. தெரிந்து பார்க்கிற கண்ணுக்குத்தான் தெரியும். ஒரு விரற்கடைதானே, காற்று அதைக் கண்டுகொள்ளாது என்று மூன்று நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அந்த இடப்பக்க வரப்பில் ஒருத்தி மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கி விமானத்தைக் காட்டினாள். 

"சார்!" என்று கத்தினேன். என்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. சர்தார்ஜி ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டார். ஒருவர் விமானத்தின் வாலைப் பிடித்திருந்தார், கையசைத்தால் விட்டுவிடுவார். நான் ஓரமாகச் சுற்றிப் போய் ஓடுபாதையின் நடுவில் நின்றேன்.

"மாதாஜி! ஹடியே!" என்று சர்தார்ஜி கூவினார். நான் நகரவில்லை. என்ஜினை அணைத்தார்கள். சார் நடையும் ஓட்டமுமாக வந்தார்.

"என்னம்மா செய்யுதீங்க? அடிச்சா ஆளே மிஞ்சாது!"

"இடப்பக்கச் சிறகு முறுக்கியிருக்குது சார். நான்தான். நீங்க மார்க்கெட்டுக்குப் போனப்ப மேல்பக்கத்தை ஒரேயடியா தேச்சிட்டேன். வியாழக்கிழமையே பாத்துட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் போய்ச் சாமான் பெட்டியிலிருந்து கோணம் அளக்கும் கருவியை எடுத்தார். வலப்பக்கம் அளந்தார். இடப்பக்கம் அளந்தார். மறுபடியும் இடப்பக்கம். "மூணு டிகிரி" என்றார், யாரிடமும் இல்லாமல்.

கூட்டத்தில் ஒருவர் இந்தியில் சொன்னார்: "துணி வெளுக்கிற தோபியிடம் சிறகைக் கொடுத்தால் இப்படித்தான்." எனக்கு இந்தி தெரியாது என்று நினைத்திருப்பார். சர்தார்ஜி அவர் பக்கம் திரும்பாமலே, "அரே பையா, அந்த தோபி சொல்லியிருக்காவிட்டால் நீ இந்நேரம் வரப்பில் அடிபட்டவர்கள் ஒவ்வொருவர் காலிலும் விழுந்துகொண்டிருப்பாய்" என்றார்.

"இஸ்திரிப் பெட்டி இருக்குதா சார்?" என்று கேட்டேன். இருந்தது. பேட்டரி சார்ஜ் செய்ய ஜெனரேட்டரும் இருந்தது. 

சிறகைக் கழற்றி நாற்காலிகள் மேல் வைத்தார்கள். சர்தார்ஜியின் கையில் நுனியைக் கொடுத்து, எதிர்ப்பக்கமாக முறுக்கச் சொன்னேன். முறுக்கியதும் துணியில் சாய்வாகச் சுருக்கங்கள் ஓடின. அந்தச் சுருக்கங்களைத்தான் பெட்டியால் துரத்த வேண்டும். இந்த முறை மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், மறுபடி மேலே. பெட்டியை எடுத்த பிறகும் ஆறும்வரை கையை விடாதீங்க என்றேன். அவர் முழங்கை நடுங்கியும் விடவில்லை. சார் அளந்தார். "ஒண்ணரை." மறுபடி முறுக்கினோம். "அரை." வெயில் ஏறிக்கொண்டிருந்தது, காற்றும் கிளம்பியிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் பறக்கவிட முடியாது என்று பேசிக்கொண்டார்கள். பெட்டி கூடுதலாக ஒரு நொடி நின்றால் துணி ஓட்டையாகிவிடும். அன்று முழுக்க எனக்குக் கை நடுங்காத நேரம் அதுதான்.

மூன்றாவது தடவை அளந்துவிட்டு சார் கருவியை என் பக்கம் திருப்பினார். முள் வலப்பக்கத்துக்குக் காட்டிய இடத்திலேயே நின்றது.

"போதுமா?" என்றார்.

"இன்னொரு தடவை அளங்க சார்."

அளந்தார். மாட்டினார்கள். வரப்பிலிருந்தவர்களை சர்தார்ஜி நூறடி பின்னால் போகச் சொன்னார். என்ஜினைக் கிளப்பியதும் நான் கண்ணை மூடவில்லை. மூட உரிமை இல்லை என்று தோன்றியது. ஓடியது, வால் எழுந்தது, தரையை விட்டது. மேலே ஒரு வட்டம் அடித்த பிறகு சர்தார்ஜி ரிமோட்டிலிருந்து இரண்டு கட்டை விரலையும் எடுத்துக் காட்டினார். விமானம் யாரும் பிடிக்காமல் நேராகப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். சார் தட்டவில்லை, நானும் தட்டவில்லை. இறங்குவதுதான் பாக்கி என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வேகத்தைக் குறைத்தார். சத்தம் தேய்ந்தது. வயலுக்கு மேலே அது மெல்ல மெல்ல வந்தபோது நான் இடப்பக்க நுனியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயவில்லை. சக்கரம் தரையைத் தொட்டு, ஒரு துள்ளு துள்ளி, ஓடி நின்றது.

அங்கேயே புல்லில் உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்து சார் வந்து பக்கத்தில் நின்றார்.

"வியாழக்கெழமையே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கலாம் சார்."

அவர் மேலும் கேட்டிருந்தால் "உங்க கை பட்டதை எதுக்கும்மா அளக்கணும்" என்று அவர் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றிச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. போய்ச் சிறகுகளைக் கழற்ற ஆரம்பித்தார். நான் எழுந்து போய்க் கை நீட்டினேன். வலப்பக்கச் சிறகை என்னிடம் கொடுத்தார். இடப்பக்கத்தை என்னிடம் தராமல், கை நடுங்க நடுங்க, அவரே தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார்.