பந்தலில் சொன்ன பெயர்

கமலவேணிக்கு இடது காது கேட்காது. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை கிடைத்துவிட்டதென்று சொன்ன சாயங்காலம் புருஷன் அறைந்த அறை அது. அவன் ஜெயங்கொண்டத்தில் வாத்தியார். பையன்களை அடித்துப் பழகிய கை. மறுநாள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு போய் வேலையில் சேர்ந்தாள். பஞ்சு ஏன் சிவப்பாக இருக்கிறதென்று ஆபீஸில் யாரும் கேட்கவில்லை. அவன் வீட்டுக்கு அவள் திரும்பிப் போகவும் இல்லை. எழுபத்திரண்டில் நடந்தது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அரியலூர்க் கிளைக்கு மேலாளராக வந்தபோது அந்தக் காதுக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தாள். காலையில் ஆபீஸ் திறந்ததும் ஏஜெண்டுகள் எல்லாரும் அவள் மேஜையைச் சுற்றி நிற்க வேண்டும். நாற்காலி கிடையாது. இன்றைக்கு எந்த ஊர், எந்த வீடு என்று ஆளுக்கொரு வாக்கியம். மழை, பஸ் வரவில்லை, மாமியாருக்கு முடியவில்லை என்று யாராவது ஆரம்பித்தால் இடது காதை அவர் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

"மேடம், காலு வீங்கிப்போச்சு. சைக்கிள் மிதிக்க முடியல."

அவள் அடுத்த ஆளைப் பார்ப்பாள்.

"செவுத்துக்கிட்ட சொல்லி என்னய்யா ஆவப்போவுது? கெளம்பு," என்று மற்றவர்கள் அவரைத் தள்ளிக்கொண்டு போவார்கள். டீ வருவதற்குள் ஆபீஸ் காலியாகிவிடும். கிளையின் பாலிசிகள் பெருகின. மேலிடத்தில் பாராட்டினார்கள். பக்கத்துக் கிளைகளில் வைதார்கள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பாலிசி எடுத்தவன் செத்துப்போனால் அந்த வீட்டுக்கு அவளே போவாள். கருமாதியன்று பங்காளிகளும் சம்பந்திகளும் பந்தலில் கூடியிருக்கும்போது எழுந்து நின்று, அவன் யாருக்குப் பணம் சேர வேண்டுமென்று எழுதி வைத்தான் என்பதை உரக்கச் சொல்வாள்.

அதற்குக் காரணம் இருந்தது. படிக்காத பெண்ணை மச்சினனோ மாமனாரோ ஆபீசுக்குக் கூட்டி வருவார்கள். அவள் முக்காட்டுக்குள்ளிருந்து கையை நீட்டுவாள், கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்துவார்கள், பணத்தை வாங்கிக்கொண்டு அவளை பஸ் ஏற்றிவிடுவார்கள். எதற்கு விரல் வைத்தோம் என்பதே அவளுக்குத் தெரியாது. ஊரே கேட்டுவிட்டால் எவனும் கை வைக்க மாட்டான் என்று கமலவேணி நம்பினாள். அதனால் கடைசியில் எப்போதும் ஒரே வாக்கியம்:

"இவங்க கட்டைவிரல் வைக்காம யாருக்கும் ஒரு பைசா வராது."

அதைச் சொன்னதும் பந்தல் அடங்கும். அந்த அடக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது.

செல்லக்கண்ணு கீழப்பழுவூருக்கு அப்பால் ஒரு ஊரில் கிணறு வெட்டுகிறவன். பாறை பிளக்க வைத்து வெடிக்காத தோட்டாவைப் பார்க்கக் கிணற்றுக்குள் இறங்கினான். இறங்கியபிறகு வெடித்தது. கூடையில் ஏற்றி மேலே கொண்டுவந்ததைப் பாயில் சுற்றினார்கள். பாயில் பாதிக்குமேல் மிச்சமிருந்தது. பெண்சாதி பச்சையம்மாள் பாயைப் பிரிக்கச் சொல்லி மண்ணில் முட்டி முட்டி நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். பிரிக்கவில்லை.

கருமாதிக்கு கமலவேணி போனாள். பாலிசி பிடித்துக் கொடுத்த ஏஜெண்ட் சாமிதுரையும் கூட வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கையில் அவர் சொன்னார்:

"செத்தவனோட அண்ணங்காரன் பாவாடை மோசமான ஆளும்மா. போன வருசம் வாய்க்கா தகராறுல ஒருத்தன் தலையில மம்பட்டியால போட்டவன். இங்க வச்சு சொல்ல வேணாம். அந்தப் பொண்ண மட்டும் ஆபீசுக்குக் கூப்ட்டு சொல்லிக்கலாம்."

சாமிதுரை நடந்தது அவளுக்கு இடது பக்கம். அவள் பந்தலைப் பார்த்து நடந்தாள்.

பந்தலில் பச்சையம்மாளின் பெயரைச் சொன்னாள். கட்டைவிரல் வாக்கியத்தையும் சொன்னாள். பந்தல் அடங்கியது. அப்போது தலை மழித்த ஒருவன் பந்தக்காலில் சாய்ந்தபடி கேட்டான்.

"ஏன் ஆபீசரம்மா, அவளுக்கு வெரலே இல்லாட்டி?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன்தான் பாவாடை. கமலவேணிக்கும் சிரிப்பு வந்தது.

"விரல் இல்லாட்டி பணமும் இல்ல," என்றாள் அவன் வாயை அடைக்க.

மறுநாள் உச்சி வேளையில் பாவாடை கொடுவாளோடு வந்தான். பச்சையம்மாள் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். உலக்கையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் வலது கையை உரல் விளிம்பில் வைத்து ஒரே வெட்டு. கட்டைவிரல் கம்புக்குள் விழுந்தது. செத்த விரலையும் மையில் தொட்டு வைத்துவிடுவார்கள் என்று நினைத்தானோ என்னவோ, அதைத் தேடி எடுத்து அடுப்பில் போட்டான். பிறகு இடது கையைப் பிடித்தான். அவள் அவன் காதைக் கவ்வினாள். அவன் அவள் தலையை உரலில் மோதினான். அவள் விடவில்லை. அக்கம்பக்கத்தார் ஓடிவந்து பிரித்தபோது காதின் கீழ்ப்பாதி அவள் பல்லில் இருந்தது.

அரியலூர் ஆஸ்பத்திரியில் பச்சையம்மாள் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கட்டுப் போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்திருந்தாள். கமலவேணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பணம் வராதுல்லம்மா?"

"வரும். இடது கை இருக்கே. அது செல்லும்."

"அந்தக் கையையும் வெட்டியிருந்தா?"

"வேற விரல் வைக்கலாம். கால்விரலும் வைக்கலாம்."

பச்சையம்மாள் திறந்திருந்த ஒரு கண்ணால் அவளைப் பார்த்தாள்.

"அப்ப ஏன் கட்டவெரலு கட்டவெரலுன்னு ஊரக் கூட்டிச் சொன்னீங்க?"

கமலவேணி மை டப்பாவைத் திறந்தாள். பச்சையம்மாள் தானாகவே இடது கையை நீட்டினாள். முதல் ரேகை கலைந்துவிட்டது. இரண்டாவது சரியாக விழுந்தது.

அடுத்த நாள் காலை ஏஜெண்டுகள் வழக்கம்போல மேஜையைச் சுற்றி நின்றார்கள். சாமிதுரை இடது பக்கம் நின்றார்.

"நான் அன்னிக்கே சொன்னேம்மா," என்றார்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

வலது பக்கம் வந்து மறுபடியும் சொன்னார்.

"கேட்டுது," என்றாள். "அன்னிக்கும் கேட்டுது."

அன்று யாரும் சிரிக்காமல் கலைந்தார்கள்.

பணம் வந்தது. பச்சையம்மாள் பெயரில் பாங்கில் போட்டாயிற்று. அவள் ஊருக்குப் போகவில்லை, கல்லங்குறிச்சியில் தங்கச்சி வீட்டோடு தங்கிவிட்டாள். வெட்டிய கை கூடிய பிறகும் உலக்கை பிடிக்க வரவில்லை.

ஜாமீனில் வந்த பாவாடை ஒருநாள் ஆபீசுக்கு வந்தான். பாதிக் காதில் கட்டு அழுக்கேறியிருந்தது. தடுத்த பியூனைத் தள்ளிவிட்டு கமலவேணியின் மேஜைக்கு எதிரே வந்து நின்றான். குரலில் சண்டை இல்லை. நியாயம் கேட்க வந்தவனாகவே நின்றான்.

"எடது கையும் செல்லும்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? எனக்கில்லாதது அவளுக்கும் வேணாம்னுதான் வெட்டுனேன். வெட்டியும் வரும்னா நான் எதுக்கு வெட்டப்போறேன்? எங்காதும் போயிருக்காது, கேசும் வந்திருக்காது. படிச்சவங்க சரியா சொல்ல வேணாமா?"

மேஜையில் கண்ணாடிக் குண்டு ஒன்று, காகிதங்கள் பறக்காமலிருக்க வைத்திருந்தது. அதை எடுத்து அவன் முகத்தில் அடித்தாள். புருவம் பிளந்தது. அவன் கையால் மறைத்தான். மறைத்த கையின்மேல் அடித்தாள். விரல் முறியும் சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. மூன்றாவதாக ஓங்கியபோது சாமிதுரை பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"போதும்மா! செத்துருவான்!"

குண்டு உருண்டு போய்ச் சுவரோரம் நின்றது. தன் கையை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவந்திருந்தது. பிறகு முகம் கழுவப் போனாள்.

விசாரணை வைத்தார்கள். "பெண்ணாக இருந்துகொண்டு இப்படி நடந்துகொள்ளலாமா?" என்று ஒரு அதிகாரி கேட்டார். ஆணாக இருந்தால் நடந்துகொள்ளலாமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். பெரம்பலூருக்கு மாற்றினார்கள், சின்ன பதவியில். ரயில் இல்லாத ஊர். கூட்டமான பஸ்ஸில் நின்றபடியே போய் இறங்கி மறுநாள் காலையே ஏஜெண்டுகளை மேஜையைச் சுற்றி நிறுத்தினாள்.

கருமாதி வீடுகளுக்குப் போவதை விடச் சொன்னார்கள். விடவில்லை. வாக்கியத்தை மட்டும் மாற்றினாள்.

அந்த வருஷம் பெரம்பலூருக்கு மேற்கே ஒரு ஊரில் லாரி அடித்துச் செத்தவனுக்குக் கருமாதி. பெண்சாதி உண்ணாமலைக்கு இருபது வயதுகூட இராது. அன்று காலைதான் தாலி இறக்கியிருந்தார்கள். கோடிப் புடவைக்குள் சுருண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். கமலவேணி எழுந்தாள்.

"எழுதி வச்ச பேரு உண்ணாமலை. பணம் அவங்களுக்குத்தான். எந்தக் கை வச்சாலும் செல்லும். எந்த விரல் வச்சாலும் செல்லும். விரலே இல்லாட்டியும் செல்லும்."

பந்தல் அடங்கியது. பின்னால் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"ஆளே இல்லாட்டி?"

சிரித்தார்கள். உண்ணாமலையும் தலையைக் குனிந்து, கூட்டத்தோடு சேர்ந்து, கொஞ்சம் சிரித்தாள்.

கமலவேணி சிரிக்கவில்லை. குரல் வந்த பக்கம் பார்த்தாள். எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்தது. பந்தலைக் குறுக்கே கடந்து போய் உண்ணாமலையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எந்திரி."

"எங்கம்மா?"

"பஸ்ஸுக்கு. பெரம்பலூர்ல என் வீட்ல இரு. பணம் வந்ததும் நீ சொல்ற ஊருக்கு அனுப்புறேன்."

மாமியார்க்காரி குறுக்கே விழுந்து புடவையைப் பிடித்து இழுத்தாள். கமலவேணி அவள் கையை உதறினாள். எவனோ தோளில் கை வைத்தான். அதையும் உதறினாள். பந்தலுக்கு வெளியே வந்தபோது முதல் கல் முதுகில் விழுந்தது. இரண்டாவது பின்னந்தலையில் பட்டு, கழுத்தில் சூடாக எதுவோ வழிந்தது. உண்ணாமலை அழுதுகொண்டே கூட நடந்தாள். கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"தாலி எறக்குன அன்னிக்கு வாசப்படி தாண்டுறாளே, ஏ பொம்பள, நில்லுடீ!" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார்கள்.

கமலவேணி இடது காதை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தாள்.