நேரலையில் நான் முறித்த கால்

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், சிறுவாச்சூர் பக்கம் கபடிப் போட்டி. எங்கள் உள்ளூர் கேபிள் சேனலின் முதல் விளையாட்டு நேரலை அது. வர்ணனை நான்தான்.

அதுவரை எங்கள் சேனலில் விளையாட்டு என்றால் மறுநாள் சாயங்காலம்தான் வரும். போட்டியைப் படமெடுத்து வருவோம். ஆபீஸில் அதை ஓடவிட்டு நான் குரல் கொடுப்பேன். யார் ஜெயித்தார்கள் என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். அதனால் இஷ்டத்துக்கு மசாலா சேர்ப்பேன். ஒருவர் சறுக்கினால்கூட 'முடிந்தது கதை' என்பேன். ஜனங்களும் ரசித்தார்கள். காலேஜ் முடித்த சூட்டில், அதைத் திறமை என்றே நினைத்திருந்தேன்.

அன்று அரையிறுதியில், வேப்பந்தட்டை அணியின் ரைடரை நான்கு பேர் மடக்கிப் போட்டார்கள். அவர் காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். பழக்கதோஷம், அவர் பெயரைச் சொல்லி, "கால் முறிந்தது, இனி இவருக்குக் கபடி இல்லை" என்று முழங்கினேன். இரண்டு நிமிடத்தில் அவர் எழுந்து நடந்தார். வெறும் தசைப்பிடிப்பு. அதைச் சொன்னேனா என்றால், இல்லை. அதற்குள் அடுத்த ரைடு வந்துவிட்டது, என் கவனம் அதில் போய்விட்டது.

ஆட்டம் முடிந்த கொஞ்ச நேரத்தில், பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கில் ஓர் அம்மா வந்து இறங்கினார். முழங்கை வரை இட்லி மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. ரைடரின் தாய். கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டே டிவி பார்த்திருக்கிறார். மகனுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. அது பையில் கிடந்தது. அதற்கு மேல் டிவியைப் பார்க்காமல் கிளம்பிவிட்டார்.

மகன் நின்றுகொண்டு தண்ணீர் குடிப்பதைப் பார்த்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. குனிந்து இரண்டு முழங்காலையும் அழுத்திப் பார்த்தார். மகன் சிரித்துக்கொண்டே என்னைக் கை காட்டினார். "காலை ஒடச்சவரு அதோ உக்காந்திருக்காரும்மா."

அந்த அம்மா என் மேஜைக்கு வந்தார். நன்றாகத் திட்டு வாங்கப்போகிறேன் என்றுதான் எழுந்து நின்றேன்.

"டிவில நீங்க சொன்னா நாங்க அப்படியே நம்பிடுவோம் தம்பி. ஒருத்தன் வுழுந்தா, எந்திரிக்கிறானான்னு பாத்துட்டுப் பேசுங்க."

அவ்வளவுதான். கை கழுவக் குழாய் எங்கே என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ நேரலை செய்துவிட்டேன். யாராவது விழுந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறேன். தூங்கிட்டியாடா என்று கேமராக்காரர் கிண்டலடிக்கிறார். எங்களுடையது சின்ன சேனல்தான், ஆனால் விழுகிற ஒவ்வொருவரின் வீடும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு, அவசரப்படும் என் நாக்கை இன்றும் பிடித்து நிறுத்துகிறது.