தாங்கிக்கு அடியில் ஒரு வால்வு

மரியநேசனின் பெயின்ட் விசிறும் காற்றுக் கொம்பிரசர், வீட்டோடு சாய்த்து இறக்கிய பத்திக்குள் நின்றது. மாங்குளத்துக்கு மின்சாரம் இன்னும் வரவில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர்ப் பம்பி இயந்திரம் ஒன்றுதான் பெல்ட் போட்டு அதைச் சுழற்றியது. போர் நின்று சமாதானம் வந்து பாதை திறந்த பிறகு சைக்கிள், லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் என்று பெயின்ட் அடிக்கும் வேலை தொடர்ந்து வந்தது.

காற்றை அடைக்க அடைக்கக் கொம்பிரசரின் காற்றுத் தாங்கிக்குள் தண்ணீர் கட்டும். பின்னேரங்களில் அடியில் உள்ள சின்னப் பைப்பைத் திறந்து அதை வெளியேற்ற வேண்டும். தாங்கியோ நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. வலது காலுக்குப் பொய்க்கால் போட்டிருந்த மரியநேசனால் குந்த முடியாது. அடுத்த வளவுக் கணபதிதான் வயலால் வரும் வழியில் உள்ளே வந்து, மண்ணில் படுத்து அதைத் திறந்துவிடுவார். துருவேறிய கறள் தண்ணீர் சீறி அவருடைய சாரத்தை நனைக்கும்.

"உம்மட கொம்பிரசருக்கு மூத்திரம் பெய்ய என்ர சாரம்தான் கிடைச்சுது காணும்."

பிறகு இருவரும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிப்பார்கள். மனைவி மதலேனா இறந்தபின் அந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்பது அந்த நேரத்தில் மட்டும்தான்.

தை மாதம் மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கணபதி பரந்தனுக்குப் போய்த் தங்கிவிட்டார். தாங்கியில் சேர்ந்த தண்ணீர் பெயின்ட்டோடு கலந்து சிதறியது. லான்ட்மாஸ்டர் மூடியை எடுக்க வந்த கடைக்காரர் கலந்தர் அதைத் தடவிப் பார்த்தார்.

"என்ன நேசன், மூடிக்கு அம்மை போட்டிருக்கு?"

"உரஞ்சிப்போட்டுத் திருப்பி அடிச்சுத் தாறன்."

ஊர் திரும்பிய கணபதிக்கு இதைக் கேட்டு மனம் கேட்கவில்லை. வவுனியாவுக்கு விதைநெல் வாங்கப் போனபோது, பத்திரிகைத்தாளில் சுற்றிய வால்வு ஒன்றைக் கொண்டுவந்தார்.

"உள்ளுக்குள்ள மிதவை இருக்காம். தண்ணி சேர எழும்பித் திறக்குமாம், போனாப் பூட்டுமாம். கரன்ட் தேவையில்லை. இனி நான் இல்லையெண்டு உம்மட வேலை கெடாது."

மரியநேசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உமக்கேன் இந்தக் கரைச்சல்," என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு மரியநேசன் பூசை முடிந்து வந்ததும் இருவரும் வால்வைப் பூட்டினார்கள். தாங்கிக்கு அடியில் இடம் போதாததால், வால்வைப் பக்கவாட்டில் சரித்துப் பூட்டிப் பார்த்தார் மரியநேசன். காற்று ஓயாமல் ஒழுகியது.

"சரிஞ்சு கிடந்தா மிதவை எப்பிடி எழும்பும்? தாங்கியைத் தூக்குவம்."

கணபதி கிணற்றடியில் குவிந்து கிடந்த சீமெந்துக் கற்களை அள்ளிவந்தார். அலவாங்கால் நெம்பி, தாங்கியின் கால்களுக்குக் கீழே அவற்றை அடுக்கினார். வால்வு நேராகத் தொங்கியது. இயந்திரம் கொஞ்ச நேரம் ஓடியபின் அது தானாகவே ஒரு வாய் தண்ணீரைத் துப்பி மூடிக்கொண்டது.

கணபதி சிரித்தார். பிறகு எட்டி நின்று பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

"இந்தக் கல்லை முந்தியே வைச்சிருந்தா, நீர் கதிரையில இருந்துகொண்டே பைப்பைத் திறந்திருக்கலாம் நேசன்."

"ஓம்."

"உமக்கு அது தெரியாதே?"

"யோசிக்கேல்லை."

மரியநேசன் வால்வை முறுக்கிய சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கற்களைத் தாங்கியை உயர்த்தவென்றே முன்பு வாங்கியவர் அவர். வாங்கிய அன்று பின்னேரம் கணபதி வந்து மண்ணில் படுத்துத் தண்ணீரைத் திறந்து, தேநீருக்கு உட்கார்ந்து கதைத்ததும், அவற்றைக் கிணற்றடியில் போட்டுவிட்டார்.

வால்வு பூட்டிய பிறகு கணபதி வரவில்லை. சில நாள் கழித்து வேலியடியில் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினார்.

"வேலை செய்யுதோ?"

மரியநேசன் வால்வைப் பார்த்தார். ஒழுகுது என்று சொன்னால் மனிதர் இறங்கி வருவார். வால்வின் கீழே ஒரு கை அகலத்துக்கு மட்டும் மண் நனைந்திருந்தது.

"ஓம். நல்லாச் செய்யுது."

"அப்ப சரி."

ஒரு வேலையும் இல்லாமல் ஒருவரை உள்ளே கூப்பிட அவருக்குப் பழக்கமில்லை. 'இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்' என்பதை மனதுக்குள் ஒழுங்காக அடுக்கி முடித்தபோது, சைக்கிள் தெரு முடக்கால் திரும்பியிருந்தது.