பத்து சதவீதத்தில் வரும் குரல்

என் லேப்டாப்பில் சார்ஜ் பத்து சதவீதத்துக்கு இறங்கினால் மற்ற லேப்டாப்புகளைப் போல மணியடிக்காது. என் வீட்டுக்காரர் பேசுவார்.

ராசிபுரத்தில் பட்டுச் சேலைகளுக்கு பார்டர் டிசைன் வரைந்து கொடுப்பது என் தொழில். வேலை மும்முரத்தில் சார்ஜ் போட மறந்து, வரைந்த மயிலைப் பாதியில் பறிகொடுத்துவிட்டு வீட்டையே இரண்டாக்குவேன். அந்த ரகளை தாங்காமல்தான் அவர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியோடு வடக்கே கிளம்பிய காலையில், எச்சரிக்கைச் சத்தத்துக்குப் பதிலாகத் தன் குரலைப் பதிந்து வைத்தார். "ஒயரைச் சொருகு சாமி. நான் போயிட்டு வாரேன்." கடைசியில் ஒரு சிரிப்பு. போன இடத்தில் நெஞ்சுவலி. ஆம்புலன்ஸில் பிணமாகத்தான் வந்து சேர்ந்தார்.

எங்கள் பக்கம் சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'வாரேன்' என்று சொல்ல மாட்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் இறங்கிவிடுவார்கள். எடுத்த அன்று சாயங்காலம் ஒவ்வொருவராக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்குப் போட்டோ தேடிய யாரோ லேப்டாப்பைத் திறந்தபடியே கட்டிலில் போட்டிருந்தார்கள். அதிலிருந்து கேட்டது: "ஒயரைச் சொருகு சாமி. நான் போயிட்டு வாரேன்."

செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவரைப் பெற்ற என் அத்தை மாரில் அடித்துக்கொண்டார். "அதை அழிச்சுப் போடு சாமி! வாரேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா எம் பையன் எப்படிப் போவான்?"

என்னால் அழிக்க முடியவில்லை. கேட்கவும் முடியவில்லை. ஒருமுறை காதில் விழுந்தால் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது. அதனால் சார்ஜைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டேன். திரை வெளிச்சத்தைக் கண் வலிக்கிற அளவுக்குக் குறைத்தேன். வைஃபையை அணைத்தேன். மெத்தையில் வைத்தால் சூடாகி பேட்டரி கெடும் என்று சேலத்து லேப்டாப் கடைக்காரர் சொன்னதால் மரப்பலகையில் வைத்தேன். மாதாந்திரப் பராமரிப்பென்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தும் நாளில் மூடியே வைத்துவிடுவேன். "பேட்டரியை இப்படிப் பொத்திப் பொத்தி வெச்சுக்கறவங்களை நான் பார்த்ததே இல்லைங்க" என்று கடைக்காரர் மெச்சினார். அட, அந்த மனுஷன் பேசாமல் இருக்கத்தான் இத்தனை பாடும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? திரையின் மூலையில் எண் இருபதைத் தொட்டால் போதும், முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். பயம்தான், வேறென்ன.

அத்தை இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். தினமும் வருவார், டீ குடிப்பார், டம்ளரை வைத்துவிட்டுப் பேசாமல் எழுந்து போய்விடுவார். வருஷம் திரும்பிய பிறகும் 'வாரேன்' கிடையாது. இது இன்னும் சாவு வீடுதான் என்று எனக்குக் காட்டுகிறாரா என்று பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் கரண்ட் நிறுத்திய நாளில் வந்தவர் முன்கதவைச் சாத்தினார்.

"ஒருக்காப் பேச உடு சாமி. அவங்கொரலு மறந்து போச்சு."

"அழிக்கச் சொன்னது நீங்கதானுங்களே!"

"சொன்னேன். நீ அழிக்கலையில்ல."

பதிவை நேரடியாகவே திறந்து கேட்கலாம் என்றேன்.

"நாமளாக் கூப்புட வேண்டாம். அவனா வரட்டும்."

அதுவரை கட்டிக் காத்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, வைஃபையைப் போட்டு, லேப்டாப்பிலிருந்த ஒரு வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டேன். இருவரும் தரையில் உட்கார்ந்தோம். அத்தை "எத்தனை, எத்தனை" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருபதுக்கு வந்ததும் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பதினேழு. பதினைந்து. பதினான்கில் திரை பட்டென்று கறுத்துவிட்டது.

பழைய பேட்டரி அப்படித்தான், எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்து ஒரேயடியாக விழும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கறுப்புத் திரையில் எங்கள் இரண்டு முகம் மட்டும் தெரிந்தது. அவர் குரல் வரவில்லை.

"ஒண்ணுஞ் சொல்லலையே" என்றார் அத்தை.

"பேட்டரி பழசாயிருச்சுங்க அத்தை. புதுசு மாத்துனாப் பேசுவாருங்க."

அத்தை லேப்டாப்பை மூடினார். "வேண்டாம் உடு. சாவு ஊட்டுல இருந்து சொல்லாமத்தானே போகோணும். இப்பத்தான் போறான்."

அவர் முழங்காலில் கையூன்றி எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். வெயில் உள்ளே விழுந்தது. வாசற்படியில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான் வாரேன் சாமி."

"சரிங்க அத்தை" என்றேன்.