படையலில் ஒரு சிகரெட்

கண்ணைப் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் எதைக் கேட்டாலும் உண்மையான பதில் வரும். கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டால் அவரால் எழுந்து போகவும் முடியாது, என் முகத்தைச் சரியாகப் பார்க்கவும் முடியாது. கடலூர் திருப்பாப்புலியூரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் எனக்கு இது ஒரு தொழில் ரகசியம். போன வருஷம் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பீடி, சிகரெட், புகையிலை எல்லாவற்றையும் அரசாங்கம் ஒரேயடியாகத் தடை செய்துவிட்டால் நாடு உருப்படுமா?

மீன் விற்கிற அம்மா ஒருவர் என்னிடமே சண்டைக்கு வந்துவிட்டார். "பொயிலய நிறுத்திட்டா என் பல்லு வலிக்கு நீயா வந்து பதில் சொல்லுவ?" என்றார். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த பரங்கிப்பேட்டைக்காரருக்குத் தடையில் நம்பிக்கையில்லை. "அங்க கோடு போட்டு வெச்சிருக்கான் பாய். அந்தக் கோட்டுக்குள்ள நின்னுதான் ஊதணும். காலு வெளிய பட்டா ஃபைனு. நானும் ஒழுங்காத்தான் நின்னேன். ஊருக்கு வந்து எறங்குன ஒடனே பழையபடி ஆயிட்டேன்" என்றார். எல்லாரையும் பாய் என்றுதான் அவர் கூப்பிடுவார். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும் கொஞ்சம் யோசித்தார். "பாக்குப் பொட்டலத்தத் தட பண்ணித்தான் இருக்கு. பள்ளிக்கூடத்துச் செவுத்துக்கு அந்தாண்ட போயி பாருங்க, காலிப் பொட்டலமா கெடக்கு" என்றார். நான் லென்ஸை மாற்றினேன். அதற்குள் அவரும் மாறிவிட்டார். "ஆனா ஒண்ணு. முன்னெல்லாம் கடை வாசல்ல சரம் சரமா மால மாதிரி தொங்கும். அது இப்ப இல்ல. வாங்கறவன் திருடன் மாதிரி வந்துதான் வாங்கிட்டுப் போறான். அது நல்லதா கெட்டதான்னு தெரியல." எதிர்ச்சுவரில் இருந்த எழுத்து அட்டையில் அவருக்குக் கடைசி வரிக்கு முந்தைய வரி வரைக்கும் தெரிந்தது.

நான் ஏன் இதைக் கேட்டுக்கொண்டு திரிந்தேன் என்றால், என் அக்காவின் கணவர் தொண்டையில் புற்றுநோய் வந்து செத்துப்போனார். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரத்துக்குச் சுற்றுலாக்காரர்களை வேனில் ஏற்றிப் போகும் டிரைவர். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சே இருந்ததில்லை. அவருக்கு வேன், எனக்குக் கண்ணாடி. எதைத்தான் பேசுவது? ஆனால் நான் அக்கா வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் சாப்பிட்டு முடித்ததும் என்னைப் பார்த்துத் தலையை லேசாகப் பின்பக்கம் ஆட்டுவார். கொல்லையில் தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரே சிகரெட்டை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடிப்போம். ஐந்து நிமிஷம்தான். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் அவர் எனக்கு மாமாவாக இருந்தார். தடை என்று ஒன்று வந்திருந்தால் அவர் இன்று உயிரோடு இருந்திருப்பாரோ என்று நினைப்பேன். உயிரோடு இருந்து, என்னோடு ஒரு வார்த்தை பேசாமலே இருந்திருப்பாரோ என்றும் நினைப்பேன். இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்குப் பிடிபடவேயில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அக்கா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "இனிமே தொட மாட்டேன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். மூன்று மாதம் வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன். அப்புறம் கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நாளைக்கு ஒன்று. பிறகு இரண்டு. அக்காவைப் பார்க்கப் போகிற நாளில் வாயில் கிராம்பு. தினமும் பத்துப் பேரின் கண்ணைச் சோதிக்கிறவனுக்கு அக்காவின் கண்ணை நேராகப் பார்க்க முடியாமல் போய்விட்டது. அதுதான் என் நிலைமை.

முதல் வருஷப் படையல் வந்தது. செத்துப்போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். டீ பிடித்தவருக்கு டீ, முறுக்கு பிடித்தவருக்கு முறுக்கு. பீடி குடித்தவர் என்றால் பீடி. முன்பு பதினாறாம் நாள் காரியத்தில் அக்கா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். "அவரக் கொன்னத அவருக்கே படைக்கணுமா? இந்த வூட்டுக்குள்ள அது வரக்கூடாது." யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அன்றைக்குப் பார்த்துக் காக்கை சோற்றைத் தொடவில்லை. மதில்மேல் பக்கத்து வீட்டுப் பூனை உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். மாமாவின் அண்ணன் பூனையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த அண்ணன் வெற்றிலைகூடப் போடாதவர். ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிறார். அன்றிலிருந்து, தம்பி கனவில் வந்து இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டுப் போகிறான் என்று சொல்ல ஆரம்பித்தார். தன் மகளுக்கு வரன் தள்ளிப்போவதற்கும் அதுதான் காரணம் என்றார். வருஷப் படையலில் சிகரெட் இல்லையென்றால் தான் வரவே போவதில்லை என்று போனில் சொல்லிவிட்டார். உடன்பிறந்தவர் இல்லாமல் படையலா? அக்கா இரண்டு நாள் யோசித்தாள். "அவுரே கொண்டாந்து வெக்கட்டும். நான் தொட மாட்டேன்" என்றாள்.

அவர் கொண்டுவந்தார். ஒரே ஒரு சிகரெட், செய்தித்தாளில் நான்காக மடித்து, சட்டைக்கு உள்பாக்கெட்டில். உள்ளூர்க் கடையில் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, யாருக்கும் தன்னைத் தெரியாத புவனகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கி வாங்கினாராம். மாமா குடிக்கிற ரகம் அது இல்லை. எனக்குச் சொல்ல மனசு வரவில்லை.

இலை போட்டாகிவிட்டது. சோறு, வடை, பாயசம், அக்கா காலையிலிருந்து நின்று செய்த இறால் தொக்கு. கற்பூரம் காட்டி முடிந்ததும் அண்ணன் சிகரெட்டை எடுத்துக் கற்பூரத் தீயில் நீட்டினார். நுனி கருகியது, அணைந்தது. ஊதுவத்தியில் வைத்துப் பார்த்தார். அதுவும் இல்லை. அப்போதுதான் அந்த நல்ல மனிதருக்கு உலகத்துக்கே தெரிந்த ஒரு விஷயம் தெரியவந்தது. சிகரெட்டை யாராவது ஒருவர் வாயில் வைத்து இழுக்காவிட்டால் அது சரியாகப் பற்றிக்கொள்ளாது.

"யாராச்சும் ஒரு இழுப்பு இழுத்துக் குடுங்கப்பா" என்று சுற்றிப் பார்த்தார்.

கூடத்தில் ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். அதில் அஞ்சு பேராவது குடிக்கிறவர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெரியவர்கள் முன்னால் எவன் வாயில் வைப்பான்? ஒருத்தர் செல்போனைப் பார்த்தார். ஒருத்தருக்கு இறால் தொக்கு மேல் திடீர் அக்கறை வந்துவிட்டது. பூனையும் பால் குடிக்கிறது, கண்ணையும் மூடிக்கொள்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கூடம் முழுக்கத் தடை அமலில் இருந்தால் எப்படி இருக்கும் என்பதைப் பைசா செலவில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தீப்பெட்டியாவது குடுங்க, எங்க அது?" என்றார் அண்ணன்.

கற்பூரம் ஏற்றியதோடு தீப்பெட்டி காலி. அக்கா அடுக்களைக்குப் போக எழுந்தாள். அதற்குள் என் கை நீண்டிருந்தது. கையில் லைட்டர்.

குடிக்கிறவர்களுக்குத்தான் இது புரியும். தெருவில் முன்பின் தெரியாதவன் தீ கேட்டால்கூடப் பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டிவிடுவோம். அதில் யோசனை என்பதே கிடையாது. கை நீட்டிய பிறகுதான் எனக்குத் தலைக்குள் ஏதோ இடிந்தது.

"தோ, மச்சான்கிட்டயே இருக்கே!" அண்ணன் சந்தோஷப்பட்டார். "நீயே இழுத்துக் குடு மச்சான்."

அக்கா லைட்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என் பக்கத்தில் வந்து லைட்டரை வாங்கிக்கொண்டாள். அண்ணன் கையிலிருந்து சிகரெட்டையும் வாங்கினாள். "நீங்க உக்காருங்க" என்றாள் அவரிடம்.

வாழ்நாளில் அதைத் தொடாதவள். இருந்தும் ஃபேன் காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, உள்ளங்கையைக் குவித்து மறைத்துப் பற்றவைத்தாள். மாமா பற்றவைப்பது அப்படியேதான் இருக்கும். ஒரே இழுப்பு. இருமல் வந்து குலுங்கினாள், கண்ணெல்லாம் தண்ணீர். இலை ஓரத்தில் இறாலுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அது கடைசி வரை எரிகிறதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ரகம் வேறானாலும் மாமாவின் சட்டை வாசனை கூடம் முழுக்க வந்தது. எனக்கு அழுகை வந்தது. அந்த நேரத்திலும் ஒரு இழுப்பு வேண்டும் போலவும் இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

காக்கை வந்து வடையை எடுத்துக்கொண்டு போனது. அண்ணன் என்னைப் பார்த்து, பார்த்தாயா என்று தலையை ஆட்டினார். அன்று மதிலில் பூனை இல்லை.

எல்லாரும் சாப்பிட்டான பிறகு கொல்லைக்குக் கைகழுவப் போனேன். மோட்டாருக்குப் பக்கத்தில் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"கடைக்கு வர்றவங்களயெல்லாம் கேக்கிறியாமே, தட பண்ணா நல்லதான்னு. என்ன ஏன்டா கேக்கல?"

"கேக்கறேன். சொல்லுக்கா."

"தட பண்ணாலும் நீ எங்கனா தேடிப் புடிச்சு வாங்கிருவ. அவுரும் வாங்கிருப்பாரு. ஜாஸ்தி வெல குடுத்தாச்சும் வாங்கிருப்பாரு." தேய்ப்பதை நிறுத்தினாள். "ஆனா தேடிக்கிட்டுப் போற அன்னிக்கி, என்னிக்காச்சும் ஒருநாளு கெடைக்காம அலுத்துப் போயி வெறுங்கையா வூட்டுக்கு வந்திருப்பாரு இல்ல? அந்த ஒருநாளு எனக்கு மிச்சம்டா."

இத்தனை பேரைக் கேட்டேனே, யாரும் நாள் கணக்கு வைத்துப் பேசவில்லை. அவள் முந்தானையில் லைட்டர் முடிந்திருந்தது தெரிந்தது. வாக்கை மீறியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பாள் என்று நின்றேன். அவள் அதைக் கேட்கவேயில்லை.

"உன் எலையில இத வெக்கிற வேலய மட்டும் எனக்குக் குடுத்துடாத" என்றாள்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள்.