கிராப்பு வாங்கிய தொப்பி

சலவைக்கூடத்தில் அவரை எல்லாரும் ‘கிராப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். நீராவி புகையும் அந்தக் கூடத்தில் மத்தியானத்துக்குள் எல்லாருடைய முடியும் நனைந்து நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். அவருடையது மட்டும் காலையில் வாரியது வாரியபடி சாயங்காலம் வரை நிற்கும். இந்தப் பெயரைக் கிண்டலுக்கு வைத்தார்களா, மெச்சி வைத்தார்களா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

அது முடியே இல்லை, டோப்பா. இளவயதிலேயே உச்சி முழுக்கக் கொட்டிவிட்டது. கல்யாணப் பேச்சு எடுத்தபோது அவருடைய அக்கா ஒன்றை வாங்கி வந்து, “கல்யாணம் முடியிற வரைக்கும் போட்டுக்கோடா” என்றாள். கல்யாணம் முடிந்தது, மகள் பிறந்தாள், வளர்ந்தாள், அவளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். டோப்பாக்கள்தான் பழசானால் மாறினவே தவிர, தலை வெளியே வரவில்லை.

மனைவிக்குத் தெரியாமல் இருக்குமா? முதல் மாதமே தெரிந்துவிட்டது. “எனக்குத் தெரியுங்க, பரவாயில்ல” என்று அவள் சொன்ன அன்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனவர், சாப்பாட்டு நேரம் கடந்துதான் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. தன் வீட்டுப் படுக்கையறைக் கதவையே தட்டிவிட்டு உள்ளே போகப் பழகிக்கொண்டாள். கைக்குழந்தையாக இருந்தபோது மகள் ஒருநாள் அவர் முடியைப் பிடித்து இழுத்தாள். பளாரென்று கையில் ஒன்று வைத்தார். அன்றைக்கு அழுததில் குழந்தைக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அவர் மட்டும் என்ன சுகமாகவா இருந்தார்? தூக்கத்தில் புரண்டால் நழுவிவிடுமோ என்று மல்லாந்தபடியே படுத்து எழுந்த மனிதர் அவர்.

இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நாள் முழுக்க நீராவி இஸ்திரி எந்திரத்துக்கு முன்னால் நிற்கிற வேலை. சட்டையை விரித்து, மேல்தட்டை இறக்கி, காலால் மிதித்தால் புஸ்ஸென்று ஆவி முகத்தில் அடிக்கும். முதலில் காலர், அப்புறம் தோள், கை, மார்பு. ஒன்று முடிவதற்குள் கூடையில் பத்து விழும். அந்தச் சூட்டில் டோப்பாவுக்கு அடியில் பசை இளகி, வேர்வையோடு கலந்து, தோலை அரித்துப் புண்ணாக்கியிருந்தது. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, “இனிமே இதை ஒட்டினீங்கன்னா புண் ஆறவே ஆறாது. எடுத்துப் போட்டுட்டுக் காத்தாட விடுங்க” என்று ஒரே போடாகப் போட்டார்.

காற்றாட விடுவதாம்! சொல்வதற்கென்ன, சொல்லிவிட்டார். தெருவில் இறங்கி நடக்கப்போவது அவரா?

“ஒரு தொப்பி வாங்கிப் போட்டுக்குங்களேன்” என்றாள் மனைவி, முகத்தைப் பார்க்காமல், துணி மடிக்கிற சாக்கில். அவருக்கும் அதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை.

பிறந்ததிலிருந்து தொப்பி வாங்கியதில்லை. தொப்பிக் கடைக்குள் நுழைந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவர் முழுக்கத் தொப்பி. கடைக்காரம்மா வீங்கிய காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தம்மாவுக்கும் காலையிலிருந்து நின்ற அலுப்பு.

“எதுக்கு சார்? விசேஷத்துக்கா, தினம் போடவா?”

“சும்மா... வெளிய வாசல்ல போறப்ப.”

“அப்ப விறைப்பா இருக்கிறது வேணாம். மெத்துனு இருக்கிற ஃபெல்ட் எடுத்துக்குங்க, சுருட்டி வெச்சாலும் நிமிர்ந்துக்கும். ரொம்ப அகல விளிம்பு வேணாம். நீங்க ஒல்லி, தொப்பிதான் நடந்து போற மாதிரி இருக்கும். கறுப்புல தூசி தெரியும். சாம்பல் கலர் எந்தச் சட்டைக்கும் ஒத்துப்போகும்.”

எல்லாவற்றுக்கும் கிராப்பு தலையாட்டினார். கம்பளி ரோமத்தை அழுத்திச் செய்த, சாம்பல் நிறத் தொப்பி ஒன்று கையில் வந்தது. தொட்டுப் பார்த்தால் இதமாகத்தான் இருந்தது. கடைக்காரம்மா அளவு நாடாவோடு எழுந்து வந்தார். நாடா டோப்பாவின் மேல் சுற்றியது. ‘அம்மா, இதுக்கு அடியில அளக்கணும்’ என்று சொல்ல வாய் வரை வந்தது. கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். விழுங்கிவிட்டார்.

“அறுபது. பெரிய தலை சார் உங்களுக்கு” என்றார் கடைக்காரம்மா. அவர் அசடு வழியச் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் குளியலறைக் கதவைத் தாழிட்டு, டோப்பாவைக் கழற்றிவிட்டுத் தொப்பியைப் போட்டார். அது விறுவிறுவென்று இறங்கி, காதில் போய் உட்கார்ந்தது. அப்படியே வெளியே வந்தார். மனைவி பார்த்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள்.

“சிரி, நல்லா சிரி.”

“கோவிச்சுக்காதீங்க. நாளைக்குக் கடையில போய் டோப்பாவை எடுத்துட்டு அளக்கச் சொல்லுங்க, அவ்வளவுதானே.”

“அவ்வளவுதானா? உனக்கென்ன, சொல்லிடுவே.”

உள்ளே காகிதம் மடித்து வைத்துப் பார்த்தார், புண்ணில் உரசியது. துணி வைத்தார், வேர்த்துக் கொட்டியது. கடைசியில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஆவியில் கம்பளி சுருங்கும் என்பது இஸ்திரிக்காரருக்குத் தெரியாதா? எத்தனை பேருடைய ஸ்வெட்டர் சுருங்கி, அதற்காக எத்தனை ஏச்சு வாங்கியிருக்கிறார்! தலையைக் காட்டாமல் காரியத்தை முடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது என்று உச்சி குளிர்ந்துபோனார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் எல்லாரும் வெளியே போனதும், தொப்பியை எந்திரத்தில் வைத்து மிதித்தார். சுருங்கியது. சுருங்காமல் என்ன? ஒரு பக்கம் மட்டும் சுருங்கியது. விளிம்பு அலை அலையாக எழும்பிக்கொள்ள, உச்சி ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டது. இன்னொரு மிதி மிதித்தால் சரியாகிவிடும் என்று மிதித்ததில், இருந்த கொஞ்ச உருவமும் போயிற்று. கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். அழுவதா, சிரிப்பதா என்றே தெரியவில்லை.

சாயங்காலம் அதைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரம்மா எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இதை என்ன சார் பண்ணீங்க?”

“மழையில நனைஞ்சிடுச்சு.”

“மழையா? வெந்நீர்ல பெய்ஞ்சுதா?” என்றவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே குடையவில்லை. “பயப்படாதீங்க. மர அச்சுல போட்டு ஆவி காட்டி இழுத்தா பழையபடி வந்துடும். அறுபது அச்சுதானே?”

இதுதான் நேரம். ‘ஆமாம்’ என்றால் தொப்பி மறுபடியும் காதுக்கு வந்துவிடும். கடையின் மூலையில் ஒரு ஆள் கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு தொப்பியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போய்விடட்டும் என்று கிராப்பு காத்திருந்தார். அவன் போகிற வழியாக இல்லை. கால் வலித்தது. தலை எரிந்தது. இத்தனை வருஷமும் எவன் போகட்டும், எவன் தூங்கட்டும், எந்தக் கதவைச் சாத்தலாம் என்று காத்துக் காத்தே காலம் போயிருக்கிறது. போதும் போதும் என்றாகிவிட்டது. தைரியம் வந்தது என்று சொன்னால் பொய். அவருக்கு வந்தது அலுப்புதான்.

கையைத் தூக்கி டோப்பாவைப் பிய்த்து எடுத்தார். பசை விடுகிறபோது சுரீரென்றது.

“இப்ப அளங்கம்மா.”

மூலையில் நின்ற ஆள் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு, கையிலிருந்த பழுப்புத் தொப்பி தனக்குப் பொருந்துகிறதா என்று கண்ணாடியிடம் கேட்கப் போய்விட்டான். கடைக்காரம்மா புண் இருந்த இடத்தை விலக்கி, நாடாவைத் தளர்த்திப் பிடித்து அளந்தார்.

“ஐம்பத்தேழு. இதை நேத்தே சொல்லியிருக்கலாமே சார், ரெண்டு பேருக்கும் வேலை மிச்சம். உள்பட்டை உரசாம மெல்லிசா ஒரு துணி வெச்சுத் தைச்சுத் தரேன். உட்காருங்க.”

அவ்வளவுதான். இதற்காகவா மகளை அடித்தோம் என்று நினைத்தபடி, மொட்டைத் தலையோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மின்விசிறிக் காற்று உச்சியில் பட்டது. சுகமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

தொப்பி இந்தத் தடவை சொன்னபடி கேட்டது. புருவத்துக்கு மேலே அளவாக நின்றது. வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள்.

“நல்லா இருக்குங்க. நிஜமாவே எடுப்பா இருக்கு. எப்படி அளவு சரியாச்சு?”

“எடுத்துட்டு அளந்தாங்க.”

“எதை எடுத்துட்டு?”

“அதைத்தான். கடைக்காரம்மா அளந்தாங்க. சாதாரணமாத்தான் இருந்தாங்க, ஒண்ணும் சொல்லல.” அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி, கொதிக்காத பாத்திரத்தைக் கிளறினாள்.

“கடைக்காரம்மா பார்த்துட்டாங்க” என்றாள் பிறகு. “நான் இன்னும் பார்க்கல.”

குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். கோபமே இல்லை. அவருக்கு வெட்கமாகப் போயிற்று. இத்தனை வருஷமாகப் பட்டுக்கொண்டிருந்த வெட்கம் வேறு, இது வேறு. ஊர் பார்த்துவிடுமே என்று பயந்து பயந்து மறைத்ததில் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இவளுக்குத்தான் நஷ்டம்.

தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். முடியில்லாததை அல்ல, புண்ணைத்தான் பார்த்தாள். நெற்றியிலிருந்து பின்கழுத்து வரைக்கும் வட்டமாகச் சிவந்து, சில இடங்களில் தோல் உரிந்திருந்தது.

“எரியுதா?”

“எரியுது.”

“இதோடவா அந்த ஆவியில போய் நின்னீங்க?” என்று கேட்டவள் குனிந்து, புண்ணின் மேல் மெதுவாக ஊதினாள், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்த பிள்ளைக்கு ஊதுவதுபோல.

அவருக்கு அழுகை வந்தது. அதையும் மறைக்க அவருக்குத் தெம்பில்லை.

“இன்னும் கொஞ்சம் ஊது” என்றார்.